மலையூரில் வடிகால், தடுப்புச்சுவர், ரோடு, குடிநீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியின் பேரூராட்சி, சிறு நகராட்சி வார்டு உறுப்பினர்களையும் குடியிருப்போர் சங்கத்தாரையும் மனத்தில் வைத்து எழுதியது. கொடைக்கானல், பண்ணைக்காடு பக்கத்தாருக்கும் பெரும்பகுதி பொருந்தும். மழைக்காலம் மட்டும் அங்கே வேறு.

ரோடும் வேண்டும், சுவரும் வேண்டும், வடிகாலும் வேண்டும். ஒன்றுக்குத்தான் பணம் என்கிறார்கள். எதைக் கேட்பது?

வடிகாலை. அதைக் கேட்டு மனு கொடுப்பவர்கள் குறைவு, திறப்பு விழாவும் நடக்காது. ஆனால் மலையில் ரோட்டை அரிப்பதும் சுவரைத் தள்ளுவதும் தண்ணீர்தான். தண்ணீருக்கு வழி விடாமல் போட்ட ரோடு இரண்டு மழைக்காலம் தாங்கினாலே அதிகம்.

நீலகிரி, கொடைக்கானல் இரண்டு மலைகளிலும் அடியில் பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. அது சிதைந்து உண்டான செம்மண், காய்ந்திருக்கும்போது பத்தடி செங்குத்தாக வெட்டினாலும் அசையாமல் நிற்கும். அந்தத் தைரியத்தில்தான் வீட்டுக்குப் பின்னால் வெட்டுகிறார்கள். ஊறிவிட்டால் அதே மண்ணுக்கு எடை கூடும், பிடிமானம் போய்விடும். 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அந்த மழையில் மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் சரிந்தது, 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

வேலைகளின் வரிசை இதுதான்: முதலில் வடிகால், அடுத்து சுவர், பிறகு குடிநீர்க் குழாயும் கேபிளும், கடைசியில் ரோட்டின் மேற்பரப்பு. இந்த வரிசையைக் குலைத்தால் புது ரோட்டைக் குழாய்க்காகத் தோண்டுவார்கள். தோண்டிய பள்ளத்தை மண் போட்டு மூடுவார்கள். முதல் மழையில் அந்தப் பள்ளமே வாய்க்காலாகும்.

வடிகால் எவ்வளவு அகலம் வேண்டும்? எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவு போடுகிறார்களே?

கணக்கு எளிது. மேலேயிருந்து உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் பரப்பை ஹெக்டேரில் எடுங்கள். மழை வேகத்தை மணிக்கு மி.மீ. கணக்கில் எடுங்கள். விழும் மழையில் எவ்வளவு ஓடி வரும் என்பதற்கு ஒரு பின்னம்: கூரையும் கான்கிரீட்டும் நிறைந்த இடத்துக்கு 0.8-க்கு மேல், தேயிலையும் வீடும் கலந்த சரிவுக்கு 0.6 அளவில். மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும்.

2 ஹெக்டேர், மணிக்கு 80 மி.மீ., பின்னம் 0.6 என்று வைத்தால் விடை 0.27. அதாவது நொடிக்கு 270 லிட்டர். 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் தெருவில், 45 செ.மீ. அகலக் கான்கிரீட் வடிகாலில் இந்தத் தண்ணீர் 20 செ.மீ. உயரத்தில் ஓடும். 45-க்கு 45 வடிகால் தாராளம். மண்ணும் இலையும் பாதியை அடைத்தாலும் சமாளிக்கும்.

மலையில் கொள்ளளவு பெரும்பாலும் பிரச்சினையே இல்லை, வேகம்தான் பிரச்சினை. மேலே சொன்ன தண்ணீர் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும். சரிவு இரட்டித்தால் இன்னும் கூடும். அந்த வேகம் மெல்லிய சிமென்ட் பூச்சை உரித்து, அடியில் இருக்கும் கல்லைப் பெயர்க்கும். அதனால் செங்குத்தான இடத்தில் வடிகாலைப் படிப்படியாக இறக்க வேண்டும். ஒவ்வொரு படியின் அடியிலும் கருங்கல் பதிக்க வேண்டும். கடைசியில் வேகத்தைக் கொல்ல ஒரு குழித்தொட்டி வேண்டும்.

மழை வேகத்துக்குச் சென்னைக் கணக்கையோ கோவைக் கணக்கையோ எடுக்க வேண்டாம். கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவம் கொட்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு. பக்கத்து எஸ்டேட் அலுவலகத்தில் தினசரி மழைப் பதிவேடு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எஸ்டிமேட்டில் அதிகம் விடுபடுவது கடைசி முனை. வடிகால் கடைசி வீட்டோடு நிற்கும், தண்ணீர் கீழ்த்தெருக்காரர் தோட்டத்தில் விழும். எஸ்டிமேட் வரைபடத்தில் வடிகாலின் முனை ஓர் ஓடையிலோ பெரிய வடிகாலிலோ சேருகிறதா என்று முதலில் பாருங்கள். சேரவில்லை என்றால், சேர்த்துத் தரச் சொல்லுங்கள். நீளம் அதிகமாகிறது என்றால் மேல்பகுதியில் 20 மீட்டரைக் குறைத்தாலும் பரவாயில்லை.

ரோட்டுக்கு அடியில் போகும் குழாய் எல்லா வருடமும் அடைக்கிறதே?

அந்தக் குழாய் கணக்குப்படி போட்டதாக இருக்கும். மேலே சொன்ன 270 லிட்டருக்கு 450 மி.மீ. குழாயே போதும் என்று கணக்கு காட்டும். ஆனால் அதற்குள் ஆள் போக முடியாது. யூகலிப்டஸ் பட்டை, கேரட் தோட்டத்து மண், பால் பாக்கெட் எல்லாம் நடுவில் சிக்கினால் மூங்கில் கழியால் குத்துவதைத் தவிர வழியில்லை. அதனால் 900 அல்லது 1,000 மி.மீ. கேளுங்கள். மண்வெட்டியோடு ஒருவர் குனிந்து போகும் அளவு அது.

குழாயின் மேல்முனையில், குழாய் அடிமட்டத்தை விட 60 செ.மீ. ஆழமாக மண் தங்கும் தொட்டி வேண்டும். கம்பித் தடுப்பு வைத்தால் சாய்வாக, 10 செ.மீ. இடைவெளியில். நேராக நிறுத்திய தடுப்பு ஒரே இரவில் அடைத்துவிடும்.

900 மி.மீ. ஹியூம் பைப், அதாவது கான்கிரீட் குழாய், 2.5 மீட்டர் நீளத்தில் வரும். ஒன்று ஏறத்தாழ 2 டன். லாரியும் கிரேனும் வராத தெருவுக்கு அதை எழுதிவிட்டு, வேலை நாளில் 300 மி.மீ. குழாயாகச் சுருங்குவது உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு பக்கமும் கல்சுவர் கட்டி, மேலே அங்கேயே கான்கிரீட் ஸ்லாப் ஊற்றுவதுதான் சரி.

தடுப்புச்சுவர் கட்டி மூன்று வருடத்தில் வயிறு தள்ளுகிறது. சிமென்ட் குறைவா?

சிமென்ட் குறைவாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் சுவருக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர்தான் காரணம். மண்ணைத் தாங்கக் கட்டிய சுவர், மண்ணோடு தண்ணீரையும் தாங்கும்படி ஆனால் மேல் விழும் தள்ளுவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

20 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரக் கருங்கல் சுவரை எடுத்துக்கொள்வோம். மேல் அகலம் 60 செ.மீ., அடி அகலம் 1.6 மீட்டர். தரைக்கு மேலே 66 கன மீட்டர் கட்டு வேலை. 60 செ.மீ. ஆழ அடித்தளத்துக்கு இன்னும் 23. அடித்தளம் வெட்டுமண்ணில், அதாவது அசையாத இயற்கை மண்ணில் நிற்க வேண்டும். ஜே.சி.பி. தள்ளிவிட்ட கொட்டுமண்ணில் நின்றால் மேலே எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் வீண்.

நீர்க்கசிவுத் துளை 75 முதல் 100 மி.மீ. குழாயாக, 1.5 மீட்டருக்கு ஒன்று, மேல் வரிசையும் கீழ் வரிசையும் மாற்றி மாற்றி, வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இந்தச் சுவருக்கு ஏறத்தாழ 26 துளை வரும். எண்ணிப் பாருங்கள். அதைவிட முக்கியம் துளைக்குப் பின்னால் இருப்பது. சுவரின் முழு உயரத்துக்கும் 30 செ.மீ. கனத்தில் ஜல்லி வடிகட்டி நிரப்பி, அதற்கும் மண்ணுக்கும் நடுவில், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி வைக்க வேண்டும். தோண்டிய களிமண்ணையே திரும்ப உள்ளே தள்ளினால் முதல் மழையிலேயே துளை அடைபடும். அப்புறம் 26 துளையும் அலங்காரம்தான். மழை நாளில் துளை ஒழுகினால் சுவர் நன்றாக இருக்கிறது என்று பொருள். நல்ல மழையிலும் காய்ந்தே இருந்தால், ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். அரை அடியில் சேறு தட்டினால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ஈரக்கசிவு அதிகமான இடத்துக்குக் கேபியன் நல்லது. 1 மீட்டர் உயரக் கம்பிவலைப் பெட்டியில் கல் அடுக்குவது. தண்ணீர் தானாக வடியும், அடிமண் கொஞ்சம் அமுங்கினாலும் சுவர் வளைந்து கொடுக்கும். துத்தநாகம் பூசிய, முடிந்தால் அதன்மேல் பி.வி.சி. உறையும் போட்ட கம்பியாக இருக்க வேண்டும். கல்லைக் கையால் அடுக்க வேண்டும், வாளியால் கொட்டக் கூடாது. கேபியனுக்கு அகலம் வேண்டும் என்பதால் குறுகிய தெருவில் இடம் கிடைக்காது. 45 டிகிரிக்குக் குறைந்த சரிவாக இருந்தால் சுவரே வேண்டாம், மேலே ஒரு தடுப்பு வடிகாலும் வெட்டிவேர் நடவும் போதும் என்ற நிலையும் உண்டு. அதைத் தளத்தைப் பார்த்த பொறியாளர்தான் சொல்ல முடியும்.

தாரா, கான்கிரீட்டா, பேவர் பிளாக்கா?

செங்குத்தான, எப்போதும் ஈரமான, குறுகிய தெருவுக்குக் கான்கிரீட். பஸ், லாரி ஓடும் நீண்ட ரோட்டுக்குத் தார். பேவர் பிளாக் பஸ் ஸ்டாண்ட், சந்தை, சமமான நடைபாதைக்கு மட்டும். சரிவில் அதன் அடிமணல் கழுவிப் போகும், பாசி பிடித்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். போட்டே ஆக வேண்டுமானால் நடைபாதைக்கு 60 மி.மீ., சிறு வண்டிக்கு 80 மி.மீ. கனம். இரண்டு ஓரமும் கான்கிரீட் விளிம்பு கட்டாயம்.

தாருக்கு வெப்பம்தான் உயிர். வி.ஜி.-30 தரத் தார்க்கலவையை விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி இருக்க வேண்டும், ரோலர் வேலை 90 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் முடிய வேண்டும். குளிர்ப்பகுதிக்கு ஏற்றது வி.ஜி.-10. அதற்கு 130, 80. கலவை ஆலை மேட்டுப்பாளையம் பக்கம் இருந்தால் கோத்தகிரிக்கே 33 கி.மீ. மலைப்பாதை. தார்ப்பாய் மூடாத டிப்பரில் வந்தால் மேல்பகுதி இறுகி உருண்டையாக விழும். ஒரு டயல் தெர்மாமீட்டரைக் கலவையில் குத்திப் பார்க்க அரை நிமிடம் போதும். காற்றின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இருந்தாலோ, மூடுபனி இறங்கியிருந்தாலோ, தரை ஈரமாக இருந்தாலோ தார் போடக் கூடாது என்பது விதி. ஊட்டியில் ஜனவரி காலையில் ஏழு மணிக்கு ரோலர் ஓடினால் அந்த விதியை மீறுகிறார்கள்.

கான்கிரீட் என்றால் கீழிருந்து மேலாகப் போட வேண்டும். 4.5 மீட்டருக்கு ஒரு வெட்டு, ஸ்லாப் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு ஆழம். மேற்பரப்பில் துடைப்பத்தால் குறுக்குக் கோடு இழுத்தால்தான் டயர் பிடிக்கும். 14 நாள் ஈரச்சாக்கு. குளிரில் இறுகுவதும் மெதுவாகத்தான், அதனால் வண்டி விடுவதையும் தள்ளிப்போட வேண்டும். இரவு வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் வாரத்தில் போடாமல் இருப்பது நல்லது. போட்டால் சாக்கின் மேல் பாலிதீன் மூட வேண்டும்.

ரோட்டின் சாய்வையும் கவனியுங்கள். சமவெளியில் நடு உயர்ந்து இரண்டு பக்கமும் இறங்கும். மலையில் பெரும்பாலும் மலைப்பக்கம் சாய வேண்டும், தண்ணீர் உள் ஓரத்து வடிகாலுக்குப் போக. பள்ளத்துப் பக்கம் சாய்ந்தால் தண்ணீர் விளிம்பை அரித்து, ரோடே கீழே போகும்.

எஸ்டிமேட் சமவெளியை விட ஏன் இவ்வளவு அதிகம்?

விலைப்பட்டியலில் மலைப்பகுதிக் கூடுதல் உண்டு. ஆனால் உண்மையான செலவு லாரி நிற்கும் இடத்தில் தொடங்குகிறது. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனத்தில் ஒரு கான்கிரீட் சந்து போடுவோம். 45 கன மீட்டர். எம்-30 தரத்துக்குக் கன மீட்டருக்கு ஏழரை மூட்டை சிமென்ட் வைத்தால் ஏறத்தாழ 340 மூட்டை, 20 கன மீட்டர் எம்-சாண்ட், 40 கன மீட்டர் ஜல்லி. மொத்தம் 100 டன். லாரி நிற்கும் இடத்திலிருந்து 200 மீட்டர் தலைச்சுமை என்றால், 25 கிலோ பாண்டில் 4,000 நடை. ஓர் ஆள் ஒரு நாளில் 45 நடை போனால் சுமை மட்டுமே 90 ஆள் நாள்.

இது எஸ்டிமேட்டில் தனி வரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கான்ட்ராக்டர் அதை வேறு எங்கிருந்தாவது எடுப்பார். எங்கிருந்து என்பது ஸ்லாபின் கனத்தை அளந்தால் தெரியும்.

மேல்தெருவில் தண்ணீர் வரவில்லை, கீழ்த்தெருவில் குழாய் வெடிக்கிறது. ஏன்?

இரண்டும் ஒரே நோய். 10 மீட்டர் இறக்கத்துக்கு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடும். தொட்டியிலிருந்து 90 மீட்டர் கீழே இருக்கும் தெருவில் 9 கிலோ. 6 கிலோ தாங்கும் குழாய் அங்கே நிற்காது. கீழே வெடித்தும் கசிந்தும் தண்ணீர் போவதால் மேலே அழுத்தம் எழும்புவதில்லை. 9 கிலோ அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று நாள் முழுக்கக் கசிந்தால் 15,000 லிட்டர் போகும். ஒருவருக்கு 135 லிட்டர் கணக்கில் அது நூற்றுப் பத்துப் பேரின் தண்ணீர். அழுத்தத்தை 3 கிலோவாகக் குறைத்தால் அதே ஓட்டையில் 9,000-க்குள் நின்றுவிடும்.

தீர்வு புது அணை இல்லை, அழுத்தத்தை உடைக்கும் தொட்டி. 50, 60 மீட்டர் இறக்கத்துக்கு ஒன்று, ஒரு கன மீட்டர் அளவில், மிதவை வால்வோடு. அழுத்தம் குறைக்கும் வால்வும் வைக்கலாம், ஆனால் மணல் சிக்கினால் பழுதுபார்க்க ஆள் வேண்டும். சின்ன ஊருக்குத் தொட்டிதான் பாதுகாப்பு. குழாய் ஏறி இறங்கும் இடத்தில் மேட்டில் காற்று வால்வு, பள்ளத்தில் சேறு வெளியேற்றும் வால்வு. காற்று வால்வு இல்லாத மேட்டில் காற்று அடைத்துக்கொண்டு, மோட்டார் ஓடியும் தண்ணீர் வராது.

சோலை ஓரம் வெளியே கிடக்கும் எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் குழாயைக் காட்டெருமை மிதிக்கும், யானை பிடுங்கும். 90 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள், பாறையில் மட்டும் ஜி.ஐ. இரும்புக் குழாயைக் கவ்வி போட்டு ஏற்றுங்கள். கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி. இருக்க வேண்டும். தொட்டியடியில் பார்த்துவிட்டு எழுதும் அளவு பயன்படாது.

வீட்டுக் கழிவுநீரை உறிஞ்சுகுழியில் விடலாமா?

சுவருக்கு மேலும் செங்குத்துச் சரிவின் விளிம்பிலும் விடவே கூடாது. ஐந்து பேர் வீட்டில் நாளுக்கு 500 லிட்டர், மாதம் 15,000. அது 10 சதுர மீட்டர் நிலத்தில் மாதம் 1,500 மி.மீ. மழை பெய்வதற்குச் சமம். ஊட்டியின் ஆண்டு மழையே அதைவிடக் குறைவு. செப்டிக் டேங்க்கின் வெளிநீரைக் குழாயில் கீழே இறக்கி, பத்து வீட்டுக்கு ஒன்றாகச் சுத்திகரிப்புக்குக் கொண்டுபோக வேண்டும். கழிவுநீர் லாரியின் குழாய் எட்டும் தூரத்தில் தொட்டி இருக்கிறதா என்று இடம் குறிக்கும்போதே பாருங்கள்.

தெருவிளக்கு?

எல்.இ.டி. போதும். வெளிச்சத்தை உணரும் ஸ்விட்ச் மூடுபனியில் பகலிலும் எரிய வைக்கும், நேரம் வைத்து இயங்கும் ஸ்விட்ச் கேளுங்கள். இடி விழும் ஊர் என்பதால் ஒவ்வொரு பெட்டிக்கும் எர்த்தும் மின்னல் தடுப்பும் வேண்டும்.

பணம் எங்கெல்லாம் இருக்கிறது?

பல சின்னப் பைகளில். எந்தப் பையில் எந்த வேலைக்குப் பணம் என்று தெரிந்து கேட்பதில்தான் பாதி வெற்றி.

நிதிக்குழு மானியம்: 15-ஆவது நிதிக்குழு 2021–26 ஆண்டுகளுக்கு 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டிப்போட்டது. மீதி 40-ஐ உள்ளூர்த் தேவைக்கு எடுக்க விட்டது, சம்பளத்துக்கு விடவில்லை. குடிநீர் அழுத்தத்தை உடைக்கும் தொட்டியை (கீழ்த்தெருவில் குழாய் வெடிப்பதற்குச் சொன்னது) குடிநீருக்கென்று கட்டிப்போட்ட பங்கிலும், தடுப்புச்சுவரை மீதிப் பங்கிலும் கேட்க வேண்டும். மாற்றிக் கேட்டால் கோப்பு திரும்பி வரும்.

மலைக்கென்றே உள்ளது சிறப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டம். 1975-76 முதல் நீலகிரியில் நடந்த மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தின் தொடர்ச்சி இது, இப்போது மாநில அரசின் பணம். தேர்வு மாவட்ட ஆட்சியர் வழியாக. மண் சரிவுத் தடுப்பு, நடைபாலம், மலைக்கிராம இணைப்புப் பாதை போன்றவற்றுக்கு முதலில் கேட்க வேண்டிய கதவு.

தொகுதி நிதி: சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு ரூ.3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ரூ.5 கோடி. நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியில் ஊட்டி, குன்னூர், கூடலூரோடு மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகரும் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். 5 கோடியை ஆறாகப் பிரித்துப் பாருங்கள். கொடைக்கானல்காரர்களுக்கு சட்டமன்றத் தொகுதி பழனி. ரூ.8, 10 லட்சத்தில் முடியும், ஒரே இடத்தில் இருக்கும் வேலைக்கு இந்த நிதி பொருத்தம்.

குடிநீருக்குப் பெரிய பை அம்ருத் 2.0 என்ற மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டம். 2021 அக்டோபரில் தொடங்கியது. ஒரு லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊருக்கு மத்திய அரசின் பங்கு பாதி. 2011 கணக்கெடுப்பில் ஊட்டியே 88,430, கொடைக்கானல் 36,501. மலையில் எல்லா ஊரும் இந்தப் பாதிப் பங்குக்குள் வரும். ஊராட்சிப் பகுதிக்கு ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம், ஒருவருக்கு நாளுக்கு 55 லிட்டர் கணக்கு. ஊருக்குள் நடக்கும் வேலையின் செலவில் பொதுவாக 10 விழுக்காடு மக்கள் பங்கு, மலைப்பகுதிக்கு 5. ரோட்டுக்கு கலைஞரின் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டமும் நகர்ப்புறச் சாலை உட்கட்டமைப்புத் திட்டமும் உண்டு.

பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி கழிப்பறை, குடிநீர்ச் சுத்திகரிப்பு போன்று படம் எடுக்கக்கூடிய வேலைக்குக் கிடைக்கும். வடிகாலுக்குக் கேட்டுப் பார்க்கலாம், எதிர்பார்க்க வேண்டாம்.

நமக்கு நாமே திட்டத்தில் நாங்கள் எவ்வளவு போட வேண்டும்?

பொதுவாக மூன்றில் ஒரு பங்கு. ரூ.12 லட்சம் வடிகால் என்றால் ரூ.4 லட்சம். 100 வீடு சேர்ந்தால் வீட்டுக்கு 4,000. பணத்தை உள்ளாட்சிக்கு முதலிலேயே கட்ட வேண்டும். வசூலிக்கும் முன் எஸ்டிமேட்டை வாங்கிப் பாருங்கள். தலைச்சுமையும் கடைசி முனையும் விடுபட்ட எஸ்டிமேட்டுக்குப் பணம் சேர்த்துவிட்டு, பாதியில் இரண்டாம் வசூலுக்குப் போனால் யாரும் தரமாட்டார்கள். தெருவில் காட்டேஜ் நடத்துபவர்கள் இருந்தால் அவர்கள் பங்கு அதிகமாக இருப்பது நியாயம், அவர்களுடைய விருந்தினர் வண்டிதான் ரோட்டை அதிகம் தேய்க்கிறது.

உள்ளாட்சி கடன் வாங்கலாமா?

வருமானம் தரும் வேலைக்கு வாங்கலாம்: குடிநீர், கடைகளோடு பஸ் ஸ்டாண்ட், சந்தை. 1996 முதல் இயங்கும் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதி போன்ற அமைப்புகள் அதற்குத்தான். தனியாகக் கடன் பத்திரம் வெளியிட முடியாத சிறு ஊர்களுக்காக 2002-ல் தமிழகத்தில் பல உள்ளாட்சிகள் சேர்ந்து ஒரே பத்திரமாகத் திரட்டியதும் உண்டு. வடிகாலும் சுவரும் தவணை கட்ட வருமானம் தராது. அவற்றை மானியத்தில்தான் செய்ய வேண்டும்.

என்னென்ன அனுமதி? எதில் மாட்டும்?

மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி. வடிகால் பாதையில் ஒரு சில்வர் ஓக் நின்றாலும் இதில் நிற்கும், வளைத்துக் கொண்டுபோக முடிந்தால் வளையுங்கள். ஜே.சி.பி., பொக்லைனுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். டெண்டர் முடிந்த பிறகு இதை நினைத்தால் ஒரு மாதம் போகும்.

வன நிலம் குறுக்கே வந்தால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டம். கிராமத்துக்குக் குழாய், பாதை, மின்கம்பி போன்றவை என்றால் வன உரிமைச் சட்டம் 2006-ன் 3(2) பிரிவு குறுக்கு வழி: ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் போகக் கூடாது, கிராம சபைத் தீர்மானம் வேண்டும். கூடலூர், ஓவேலி பக்கம் முதலில் சர்வே எண்ணைப் பாருங்கள். ஜென்ம எஸ்டேட் என்ற பழைய நில உரிமையை ஒழித்த 1969 சட்டத்தின் 17-ஆவது பிரிவில் வரும் நிலம் என்றால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் வேலை நிற்கும்.

மின்கம்பம் நகர்த்த மின்வாரியத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். அந்தத் தொகையும் எஸ்டிமேட்டுக்குள் இருக்கட்டும்.

எப்போது கேட்டால் எப்போது வேலை நடக்கும்?

பின்னாலிருந்து எண்ணுங்கள். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் டிசம்பர் வரை மழை. மே மாதம் சீசன், நீலகிரி மலைப்பாதைகளில் ஒருவழிப் போக்குவரத்து, ஜல்லி லாரி நகராது. கையில் இருப்பது ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரை. நடுவில் மார்ச் 31 கணக்கு முடிப்பு.

ஜனவரியில் கடக்கால் வெட்ட டிசம்பருக்குள் வேலை உத்தரவு வேண்டும். ரூ.2 கோடி வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் 30 நாள். ஆகவே தொழில்நுட்ப அனுமதியும் நிர்வாக அனுமதியும் அக்டோபருக்குள், அளவெடுப்பு ஜூலை, ஆகஸ்டில். மழையில் அளவெடுப்பது நல்லதும்கூட, தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஊராட்சி என்றால் மே 1 கிராம சபைத் தீர்மானம் சரியான தொடக்கம். பேரூராட்சி, நகராட்சியில் ஏப்ரல் 14 பகுதி சபை. டிசம்பரில் மனு கொடுத்தால் மார்ச்சில் அவசர வேலையாக வரும், அல்லது அடுத்த ஜனவரிக்குப் போகும். அவசர வேலையை விட அடுத்த ஜனவரி மேல்.

எஸ்டிமேட்டை விட 20 விழுக்காடு குறைத்து ஒருவர் எடுத்திருக்கிறார். நல்லதா?

கவலைப்பட வேண்டியது. விதிப்படி அவரிடம் கூடுதல் பாதுகாப்புத் தொகை வாங்க வேண்டும், வாங்கினார்களா என்று கேளுங்கள். ஐந்து தெருவில் தலா ரூ.4 லட்சம் என்று சிதறிய வேலைக்கு ஆள் வராது, ஐந்தையும் சேர்த்தால் வரும். ஐம்பது தெருவைச் சேர்த்தால் சமவெளிப் பெரிய கான்ட்ராக்டர் எடுத்து உள்ளூர் மேஸ்திரிக்கு உள்குத்தகை விடுவார், நடுவில் ஒரு லாபம் கழியும்.

வேலை நடக்கும்போது நாங்கள் எதைப் பார்ப்பது?

சென்டரிங் பலகையின் உயரத்தை டேப்பால் அளங்கள், கான்கிரீட் விழும் முன். காலி சிமென்ட் சாக்கை எண்ணுங்கள்: மேலே சொன்ன 45 கன மீட்டருக்கு 340 சாக்கு கிடக்க வேண்டும், 220 கிடந்தால் கேள்வி கேளுங்கள். 15 செ.மீ. கியூப் அச்சு தளத்தில் இருக்கிறதா, அதில் தேதி எழுதுகிறார்களா என்று பாருங்கள், 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் அதை உடைத்துச் சோதிக்க வேண்டும். அடித்தளம், வடிகட்டி ஜல்லி, குழாய் ஆழம் மூன்றும் மூடிவிட்டால் தெரியாது. அளவுகோலை நிறுத்தி மொபைலில் படம் எடுத்து வையுங்கள்.

எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தில் எழுதிய அளவுதான் பணமாகும். தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டி அதன் நகலைக் கேட்கலாம், பதில் 30 நாளுக்குள். நகல் மட்டுமல்ல, வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் 2(ஜே) பிரிவு இடம் தருகிறது. கான்ட்ராக்டரோடு தெருவில் சண்டை போடுவதை விட ஜே.இ.க்கு, அதாவது இளநிலைப் பொறியாளருக்கு, தேதியோடு எழுத்தில் கொடுங்கள். பிடித்தம் வைத்த தொகை திரும்பக் கொடுக்கும்போது அந்தக் கடிதம் கோப்பில் இருக்கும்.

முடிந்த பிறகு பராமரிப்பு யார்?

உள்ளாட்சி. ஆனால் ஆள் குறைவு. ஒரு கிலோமீட்டர் வடிகாலுக்கு எத்தனை பேர், எத்தனை நாள் என்று கணக்கிட்டு, மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் தூர்வாரத் தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள். அள்ளிய சேற்றை வடிகால் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் அது உள்ளே திரும்பும், அன்றே வண்டியில் ஏற்ற வேண்டும். மண் தங்கும் தொட்டிகளுக்கு எண் பூசி, எந்த எண் எந்தத் தேதியில் சுத்தமானது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். இரண்டு வருட நோட்டைப் பார்த்தால் எந்தத் தொட்டிக்கு மேலே யார் புதிதாக மண் வெட்டியிருக்கிறார் என்பதும் தெரிந்துவிடும்.